கம்பம் இன்னும் வரலை

மாமனார்: கேக்குதும்மா, கத்தாதே. போனை மேஜை மேல வச்சிட்டேன். ஸ்பீக்கர்லதான் இருக்கு.

மருமகள்: நான் ரோட்டைத் தாண்டி தையல்கடை வாசலுக்கு வந்துட்டேன் மாமா. ஸ்டுடியோ கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துட்டீங்களா?

மாமனார்: உட்கார்ந்தாச்சு. இந்த நாற்காலி என்ன இப்படிச் சுத்துது... வாழ்நாள் பூரா பஸ் ஓட்டியிருக்கேன், என் சீட்டு ஒரு நாளும் சுத்தினதில்லை.

மருமகள்: மவுஸை ஸ்டியரிங் மாதிரி பிடிக்காதீங்க.

மாமனார்: அங்கேயிருந்தே தெரியுதா உனக்கு?

மருமகள்: நேத்து பிடிச்சதைப் பார்த்தேனே. திரையில ஒரு மஞ்சள் பெட்டி தெரியும். அதை ரெண்டு தடவை தட்டுங்க.

மாமனார்: தட்டிட்டேன்.

மருமகள்: வேகமா. கடன்காரன் கதவைத் தட்டற மாதிரி.

மாமனார்: ம்ம்... திறந்துச்சு. வெள்ளை வெளேர்னு காலியா இருக்கு.

மருமகள்: அதேதான். இங்கேயிருந்து நான் அனுப்பற படம் அங்கேதான் வந்து விழும்.

மாமனார்: வயர் இல்லாம.

மருமகள்: வயர் இல்லாம.

மாமனார்: கேமராவுக்கு அடியில தீப்பெட்டி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கே அந்த டப்பி... அதை வாங்கிட்டு வந்த அன்னிக்கே உன் புருஷனைக் கேட்டேன். கார்டை உருவிட்டு வந்து இதுல சொருகினா படம் வராதாடான்னு.

மருமகள்: அவர் என்ன சொன்னார்?

மாமனார்: சிரிச்சான். எதைக் கேட்டாலும் சிரிப்புதானே அவனுக்கு...

மருமகள்: நாளைக்கு நீச்சல் போட்டியில கார்டை உருவிட்டு ஓட முடியுமா மாமா? நான் குளத்தோரம் நிப்பேன், நீங்க மேஜையில பிரிண்டரோட இருப்பீங்க. பிள்ளைங்க தலையைத் துவட்டி முடிக்கறதுக்குள்ள படம் பெத்தவங்க கையில இருக்கணும். நடுவுல நான் ஓடினா, ஈரத்துல வழுக்கி நானும் போட்டியில குதிச்ச மாதிரி ஆயிடும்.

மாமனார்: உன்னால எடுக்க முடியுமா?

மருமகள்: அவர்கூட எத்தனை இடத்துல நின்னு எடுத்திருக்கேன். அதெல்லாம் முடியும்.

மாமனார்: முதல்ல இது வேலை செய்யட்டும். பேசினது பேசினதுதான்.

மருமகள்: மறக்கலை. இங்கேயிருந்து படம் அங்கே வந்தா ஸ்டுடியோ இருக்கும். வரலைன்னா...

மாமனார்: வரலைன்னா இப்போ விலைக்கு வாங்க ஒரு ஆள் வர்றார், கேமராவையும் டப்பியையும் அவர்கிட்ட கொடுத்துடலாம். நீ உங்க அக்கா சொன்ன ஆபீஸ்ல சேர்ந்துடு. அவன் கண்ணை மூடினதுலேருந்து இந்தக் கடை பூட்டியே கிடக்கு. உன்னை என்கிட்ட விட்டுட்டுப் போயிருக்கான். மாசம் பிறந்தா உனக்கு ஒரு சம்பளம் வரணும், எனக்கு அவ்வளவுதாம்மா.

மருமகள்: சரி. அப்போ சோதனைக்கு ஜன்னல் வழியா உங்களையே எடுக்கவா?

மாமனார்: வேண்டவே வேண்டாம். என் மூஞ்சி என்ன சினிமா போஸ்டரா? பெத்த பிள்ளையையே ஒரு படம் எடுக்க விட்டதில்லை. அவன் கேமராவைத் தூக்கினாலே எழுந்து போயிடுவேன்.

மருமகள்: சொல்லியிருக்கார்... அப்போ இந்தக் கரண்ட் கம்பத்தை எடுக்கறேன். அது எழுந்து போகாது.

மாமனார்: கொழுப்பு.

மருமகள்: அவர் எடுத்த எல்லாத்தையும் அனுப்பமாட்டார், தெரியுமா? எந்தப் படத்துல நின்னு இந்தப் பட்டனை அமுக்கறோமோ அதுதான் போகும். மிச்சமெல்லாம் கேமராவுக்குள்ளேயே கிடக்கும்.

மாமனார்: ஏன் அப்படி?

மருமகள்: சாயங்காலமானா நீங்க அந்தத் திரைக்கு எதிர்லதானே பேப்பரும் கையுமா உட்கார்ந்திருப்பீங்க? எல்லாம் வந்தா உங்க வாயிலேருந்து தப்பிக்க வேண்டாமா?

மாமனார்: கோணலா இருந்தா கோணல்னு சொல்ல வேண்டாமா...

மருமகள்: இருங்க, இருங்க. டப்பியில விளக்கு ஆரஞ்சாவே எரியுது. நடுவுல ஒரு வேன் நிக்குது மாமா... அண்ணே, கொஞ்சம் முன்னாடி எடுங்களேன்... ம்... பச்சை! பச்சையாயிடுச்சு! அமுக்கறேன்... வந்துச்சா?

மாமனார்: ஒண்ணுமில்லையே... இரு, ஒரு கோடு ஓடுது.

மருமகள்: ஓடட்டும்.

மாமனார்: மேலேயிருந்து கொஞ்சம் கொஞ்சமா... இது என்ன...

மருமகள்: மாமா, கம்பம் வந்துச்சா?

மாமனார்: கம்பமா... கம்பம் வரலை.

மருமகள்: பச்சை மினுக்குதே! இன்னொண்ணு அனுப்பறேன்... இப்போ?

மாமனார்: கம்பம் இன்னும் வரலைம்மா.

மருமகள்: குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?

மாமனார்: தூசி. இந்த ரூமைப் பெருக்கி எத்தனை நாளாச்சோ... அங்கேயே நில்லு, இதோ வந்துடறேன்.

மருமகள்: எங்கே போறீங்க? மாமா... நாற்காலி சுத்தற சத்தம்தான் கேக்குது... மாமா!

மாமனார்: வந்துட்டேன், வந்துட்டேன்.

மருமகள்: எங்கே போனீங்க?

மாமனார்: தண்ணி குடிக்க. இன்னொண்ணு அனுப்பு.

மருமகள்: எதுக்கு? ரெண்டும் வரலைன்னுட்டீங்க. பேசினது பேசினதுதான். நான் மேல வர்றேன்.

மாமனார்: யார் உன்னை வரச் சொன்னா? அனுப்புன்னா அனுப்பு!

மருமகள்: வராத படத்துக்கு இவ்வளவு அவசரமா... சரி, அமுக்கிட்டேன்.

மாமனார்: ம்.

மருமகள்: இதுவும் வரலையா?

மாமனார்: வரலை... இன்னும் இருக்கா?

மருமகள்: இருக்கு. அதுக்குள்ள உங்க ஆள் வந்துடப்போறார். தெருவுல யாரையும் காணோமே?

மாமனார்: அவர் வரமாட்டார்.

மருமகள்: ஏன்?

மாமனார்: இப்பத்தான் கடை போன்ல சொன்னேன். கேமரா விக்கறதுக்கில்லைன்னு.

மருமகள்: தண்ணி குடிக்கப் போனேன்னீங்க?

மாமனார்: அதையும் குடிச்சேன்.

மருமகள்: படமே வரலைன்னுட்டு...

மாமனார்: கம்பம் வரலைன்னுதான் சொன்னேன். வேற வந்திருக்கும்மா. டிப்போவுல நான் பஸ் கண்ணாடியைத் துடைக்கறேன். சீவ முடியே இல்லாம நின்னு தலை சீவறேன். இந்த ரூம்லயே பேப்பரை மூஞ்சியில போட்டுக்கிட்டுத் தூங்கறேன், சட்டைப் பொத்தான் மாறிப் போயிருக்கு... எல்லாத்துலயும் நான்தான். திருட்டுப்பய, எங்கே ஒளிஞ்சு நின்னு எடுத்தான்? நல்லாத்தான் எடுத்திருக்கான்... ஒண்ணுகூட கோணலா இல்லை. அந்த டப்பி பழசையெல்லாம் தானா அனுப்புது போல. அதை மட்டும் சரி பண்ணிடு. நாளைக்குக் குளத்துல ஜெயிச்ச பிள்ளைக்குப் பதிலா நான் தூங்கற படம் பிரிண்ட் ஆச்சுன்னா மானம் போயிடும்.

மருமகள்: தானா ஒண்ணும் அனுப்பலை, மாமா. போன வாரமே இந்தப் படங்களை கேமராவுக்குள்ள பார்த்துட்டேன். ஒவ்வொண்ணா அமுக்கினது நான்தான், கம்பத்தை எடுக்கவே இல்லை. அவர் போனதுக்கப்புறம் இந்தக் கேமராவுல நான் இன்னும் ஒரு படம்கூட எடுக்கலை... அந்த ஜன்னல் திரையை விலக்கிட்டு வந்து நில்லுங்க. எழுந்து போகக்கூடாது, சொல்லிட்டேன்.