கடைசி ஹாலோஜன்

பல்பு மாற்றுகிறவனை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஏணியைத்தான் பார்ப்பார்கள், தலையில் விழுந்துவிடுமோ என்று. பதினெட்டு வருடமாக ஏணிமேல் நின்று மனிதர்களின் உச்சந்தலையைப் பார்த்துப் பழகியவன் நான். யாருக்கு வழுக்கை விழுகிறது, யார் சாயம் பூசுகிறார் என்பதெல்லாம் அவரவர் மனைவிக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். நடந்ததைக் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள், இன்ஸ்பெக்டர் மேடம். எழுதுகிறேன். என் எழுத்து கொஞ்சம் கோழிக் கிறுக்கல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெரிய கடையில் மொத்தம் இருநூற்றுப் பன்னிரண்டு ஹாலோஜன் விளக்குகள். டிராக் லைட் என்போம். கூரையில் தண்டவாளம் மாதிரி ஒரு சட்டம் ஓடும், விளக்கை அதில் நகர்த்தி எந்தப் பொருள்மேல் வேண்டுமோ அதன்மேல் வெளிச்சத்தைத் திருப்பலாம். பார்க்க அழகு. ஆனால் அடுப்பாகக் கொதிக்கும். சாக்லெட் இளகிவிடும், பூங்கொத்துகள் மதியத்துக்குள் தலை தொங்கிவிடும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்இடி போடும் பொறுப்பு எனக்கு வந்தது. வேலை முடிந்ததும் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை போக வேண்டும். அதன் கடைசி வரி: ‘மீதமுள்ள ஹாலோஜன்: பூஜ்யம்.’

எல்இடியில் ரகங்கள் உண்டு. ரொட்டிக்கு ஒன்று, துணிக்கு ஒன்று, கறிக்கு ஒன்று. கறிக்கானது சிவப்பைத் தூக்கிக் காட்டும். நேற்று வெட்டியது இன்று வெட்டியதுபோலத் தெரியும். முந்தாநாள் வெட்டியதும் அப்படித்தான் தெரியும் என்பதை மாட்டிய அன்றே கவனித்தேன். அதில் எனக்கு ஆச்சரியம் ஒன்றுமில்லை, அதற்காகத்தானே அதைச் செய்கிறார்கள்.

கறிப் பகுதியில் வெட்டுகிறவர் ஒருவர்தான். அறுபதை நெருங்கியவர், எல்லோருக்கும் கறியண்ணன். நான் அவர் மேசைக்கு மேல் ஏணியைச் சாய்த்ததும் ஓடி வந்தார்.

“தம்பி, எல்லாத்தையும் மாத்திக்கோ. என் மேசைக்கு மேல இருக்கற இந்த ஒண்ணை மட்டும் விட்டுடு.”

“ஏண்ணே, இதுதானே உங்க மண்டையை வேகவைக்குது?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு குரலைத் தணித்தார். “போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்துச்சில்ல, அதோட மூக்கு செத்துப்போச்சு. பூவும் ஒண்ணுதான், பினாயிலும் ஒண்ணுதான். வெளிய தெரிஞ்சா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. கண்ணை வெச்சுத்தான் ஓட்டிட்டிருக்கேன். இந்த வெளிச்சத்துல கறுத்திருக்கா, பச்சை ஓடியிருக்கான்னு தெரியுது. உன் பல்புல கிழடுகூட குமரியால்ல தெரியுது.”

சரியென்றேன். நான்கு மாதம் அந்த விளக்கை நான் தொடவில்லை. தினமும் காலையில் அவர் புது விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து தட்டுகளை எடுத்துவந்து அதற்குக் கீழே திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பாதிக் கறி கழிவு வாளியில் விழும்.

ஒருநாள் மேலாளர் என்னிடம் கேட்டார். “பெட்டிக்குள்ள நல்லாத்தானே இருக்கு. அந்த மேசைக்குப் போனதும் மட்டும் எப்படிக் கெட்டுப்போகுது?”

“அங்க ஒரு பழைய ஹாலோஜன் இருக்கு சார்.”

“இன்னும் ஒண்ணு பாக்கியா? அப்போ அறிக்கையில என்ன எழுதப் போறீங்க?”

அவ்வளவுதான் கேட்டார். கழற்று என்று சொல்லவில்லை. அவர்மேல் பழி போடுவது நியாயமாகாது. விளக்கு ஏன் அங்கே இருக்கிறது என்றும் நான் அவரிடம் சொல்லவில்லை. கறியண்ணன் வேலை போவதில் எனக்கு விருப்பமில்லை.

ஆனால் அதன் பிறகு எனக்குத் தூக்கம் சரியில்லை. இருநூற்றுப் பதினொன்று என்பது ஒரு கணக்கே இல்லை, மேடம். முன்பல் விழுந்த சிரிப்பு மாதிரி அது. எடுத்த வேலையைக் குறை வைத்து நான் எங்கேயும் இறங்கியதில்லை.

அண்ணன் மனம் நோகக்கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். பார்வைக்குப் பழையதுபோலவே மஞ்சளாக எரிய வேண்டும், ஆனால் கறி விளக்காகவும் இருக்க வேண்டும். அப்படி மூன்று மாதிரிகள் கிடைத்தன. ஒரு துண்டுக் கறியை நான்கு நாள் வெளியே வைத்து, மூன்றையும் அதன்மேல் பிடித்துப் பார்த்தேன். என் மனைவி மூக்கைப் பொத்திக்கொண்டு, “உங்களுக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு” என்று கத்தினாள். முதல் இரண்டிலும் அந்தப் பச்சை தெரிந்தது. மூன்றாவதில் தெரியவில்லை. மூன்றாவதை எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அண்ணன் வருவதற்குள் மாட்டிவிட்டேன். வந்தவர் சிறிது நேரம் நின்று கழுத்தைத் தடவினார்.

“என்ன தம்பி, பிடரியில சூடே தெரியல?”

“ஏசியைக் கூட்டியிருக்காங்கண்ணே.”

“அதானே பார்த்தேன்.”

அன்றிலிருந்து வாளி காலியாகவே இருந்தது. “இப்பல்லாம் நல்ல சரக்கா அனுப்பறான்” என்று அண்ணன் சிரித்தார். வெட்டிக்கொண்டே பாட்டுக்கூட முணுமுணுத்தார். நான் அறிக்கையில் பூஜ்யம் போட்டேன். மூன்று பேருக்கும் நிம்மதி.

பன்னிரண்டாம் நாள், நான் குடியிருக்கும் கட்டடத்தின் தரைத்தளத்தில் இருக்கும் தையல்காரக்கா கறி வாங்க வந்தார். என் மனைவியின் துணியெல்லாம் அவர் தைப்பதுதான். நான் பக்கத்தில் ஏணிமேல் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“தம்பி, இந்தக் கொத்துக்கறி இன்னிக்கு வந்ததா? நல்லா இருக்குமா?”

ஓரம் நெளிந்த அந்தத் தட்டை நான் நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பெட்டியைத் திறந்தபோது மேலே இருந்த எனக்கு வாடையும் வந்தது. வேண்டாம் என்று நான் சொன்னால், ஏன் என்று கேட்பார். அத்தனை பேர் நடுவில் அண்ணனின் மூக்கு விஷயம் அம்பலமாகும். ஒருவர் என்னை நம்பிச் சொன்னதை நான் எப்படி வெளியே விடுவது?

“பார்த்தாலே தெரியுதேக்கா” என்றேன். அது பொய்யில்லை.

“ஆமா, என்ன செகப்பு” என்று சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

சமைக்கும்போது லேசாக வாடை அடித்ததாம். நிறம் நன்றாக இருந்ததால் மசாலாவில் போய்விடும் என்று விட்டுவிட்டாராம். வெளியூர் போயிருந்த அவர் கணவர் பிறகு சொன்னார். எவ்வளவு வேகவைத்தாலும் போகாத நஞ்சு என்று டாக்டர்கள் சொன்னார்கள். முதலில் அக்காவின் மாமனார் இறந்தார், அடுத்த நாள் அக்கா. இன்னொரு தெருவில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று. அந்தக் குழந்தையை எனக்குத் தெரியாது. என் மனைவியின் ஜாக்கெட் ஒரு கை தைக்காமல் திரும்பி வந்தது. மிச்சத்தை அவளே தைத்துக்கொண்டாள்.

கறியண்ணன் எதையும் மறைக்கவில்லை. மூக்கைச் சோதிக்கும் முன்பே அவரே ஒப்புக்கொண்டார். “வாசனை தெரியாததை மறைச்சது என் தப்புங்க. கண்ணை நம்பினேன், அதுவும் போயிடுச்சு போல” என்று கோர்ட்டில் அழுதார். ஏழு வருடம் போட்டார்கள். என்னையும் சாட்சிக்கு அழைத்தார்கள். மேசையில் வெளிச்சம் போதுமான அளவு இருந்ததா என்று கேட்டார்கள். இருந்தது. மீட்டர் வைத்து அளந்ததைச் சொன்னேன். கேட்காத கேள்விக்கு யாரும் பதில் சொல்வதில்லை.

இப்போது நீங்கள் அந்த பல்பைக் கழற்றி என் முன்னால் வைத்து மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இதைப் போட்டது நானா? நான்தான். அண்ணனுக்கு வாசனை தெரியாது என்பது போடும்போதே எனக்குத் தெரியுமா? தெரியும். அந்தத் தட்டில் இருந்தது கெட்ட கறி என்று தையல்காரக்கா வாங்கும்போது தெரியுமா? தெரியும். எதையும் நான் மறுக்கவில்லை. மறுக்கிறவன் மாதம் தவறாமல் சிறைக்குப் போய் அண்ணனைப் பார்ப்பானா?

அவருடைய பிள்ளைகள்கூட வருவதில்லை. போன மாதம் கம்பி வழியாக என் விரல்களைப் பிடித்துக்கொண்டார். “அத்தனை விளக்கையும் மாத்தினப்போ எனக்காக ஒண்ணை விட்டு வெச்சவன் நீ. அந்த வெளிச்சம் இருந்தும் என் கண்ணுக்குத் தெரியலையே தம்பி” என்றார்.

“விடுங்கண்ணே, மனசைப் போட்டு வருத்திக்காதீங்க” என்று தேற்றிவிட்டு வந்தேன்.

அவருக்கே என்மேல் எந்த வருத்தமும் இல்லை. உங்களுக்கு ஏன் இருக்கிறது என்பதுதான், மேடம், எனக்கு விளங்கவில்லை.