கிட்னிக்குத் தூக்க மாத்திரை

கள்ளக்குறிச்சியிலிருந்து திருக்கோவிலூர் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் அக்காள் தங்கை இருவர். தங்கையின் மடியில் மருந்துக்கடைப் பை. அவள் சொன்னதைக் கேட்டுத்தான் நான் கைப்பேசியை உள்ளே வைத்தேன்.

"இந்தத் தூக்க மாத்திரை தூங்கறதுக்கு இல்லக்கா. எங்க வூட்டுக்காரரு கிட்னிக்கு."

"இன்னாடி சொல்ற? டாக்டரு எழுதிக் குடுத்தாரா?"

"அவரு எங்க எழுதினாரு? ரத்தத்துல உப்பு ஜாஸ்தியாயிடுச்சு, வலி மாத்திரைய நிறுத்துன்னாரு. நிறுத்தினா கரும்பு வெட்டப் போவ முடியுமா? கூட வெட்டற ஆளுங்க அல்லாரும் காலையில டீயோட ஒரு செட்டு வலி மாத்திரைய முழுங்கிட்டுத்தான் கத்தியத் தொடறாங்க."

"அதுக்கு?"

"மெலட்டோனின்னு இந்த மாத்திரையச் சேத்துப் போட்டா, வலி மாத்திரை கிட்னியக் கெடுக்காதாம். போன்ல ஒருத்தரு சொல்லிக்கினு இருந்தாரு."

"யாருக்குக் குடுத்துப் பாத்தாங்களாம்?"

பேருந்து தியாகதுருகத்தில் நின்று, ஆள் ஏற்றிக் கிளம்பியது.

"எலிக்கு."

"அடிப்பாவி! டாக்டரக் கேக்காம குடுத்துடாத. ராத்திரியில தூங்கறப்ப அந்த மருந்து நம்ம ஒடம்புலயே ஊறுமாம், எங்க ஊரு நர்சம்மா சொல்லிச்சு. மொதல்ல அந்த மனுசன வலி மாத்திரைய வுட்டுட்டு நல்லா தூங்கச் சொல்லு."

தங்கை பையின் முடிச்சை அவிழ்த்தாள். மறுபடியும் இறுக்கிக் கட்டினாள்.

"அந்த வலி மாத்திரையப் போட்டாத்தான்க்கா அவருக்குக் கண்ணே மூடுது."