மோகனராஜ் துவான் திருப்பித் தந்த ஞாயிற்றுக்கிழமை

இருபத்தேழு ஆண்டுகள் சீருடையில் சுருக்கமும் சொல்லில் சறுக்கலும் காணாத சீலரே! மூன்றாம் பிளாட்டூனின் முப்பது பேரையும் முழங்கும் குரலால் மூச்சடைக்க வைத்த முரசே! காலணியில் தூசு கண்டால் கண் சிவந்து, காய்ச்சலில் படுத்தவனைக் கண்டால் கஞ்சியோடு வந்து நின்ற கடமை வீரரே! எங்கள் கம்பெனி சார்ஜன் மேஜர், வாரண்ட் அதிகாரி, நாங்கள் மரியாதையோடு ‘துவான்’ என்றழைக்கும் மோகனராஜ் அவர்களே! பணி நிறைவு பெறும் உங்களுக்குப் பணிவான வணக்கம்.

அடைமொழி போதும் என்று இந்நேரம் கையை உயர்த்தியிருப்பீர்கள். அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிடும்படி பக்கத்தில் அமர்ந்திருக்கும் உங்கள் துணைவியார் சாந்தினி அக்காவை முன்கூட்டியே கேட்டுக்கொண்டிருக்கிறோம். இன்று ஒரு நாள் நாங்கள் பேசுகிறோம், நீங்கள் கேளுங்கள். உட்கார்ந்து கேட்க அனுமதி உண்டு.

முதலில் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறோம் துவான். பல வெள்ளிக்கிழமைகளில் உங்களை வாய் ஓயாமல் திட்டியிருக்கிறோம். ஒருவன் முடி வெட்டாமல் வந்தால் முப்பது பேருக்கும் வார விடுமுறை போய்விடும். ஒருவன் கட்டிலுக்கடியில் சிகரெட் துண்டு கிடந்தால் முப்பது பேரும் திங்கட்கிழமை வரை முகாமுக்குள் அடைபட்டுக் கிடப்போம். நீங்கள் பரிந்துரைப்பீர்கள், கம்பெனி கமாண்டரான மேஜர் கையெழுத்திடுவார். முனகினால், “வெளிய போற நேரம் உங்க நேரம் இல்லடா. கமாண்டர் கொடுக்கிற நேரம். அவரு கொடுத்தா உண்டு, இல்லாட்டி இல்ல” என்பீர்கள். பாயான் பாருவில் பிள்ளைகளும் நிபோங் திபாலில் பெற்றோரும் காத்திருக்க, நாங்கள் கம்பி வேலியை எண்ணிக்கொண்டிருந்தோம்.

அப்படிப்பட்ட உங்களை ஏன் கண்ணீரோடு வழியனுப்புகிறோம் என்று இங்கே வந்திருக்கும் விருந்தினர்களுக்கு விளங்க வேண்டும். அதற்கு எங்களில் ஒருவனான கெல்வினின் கதையைச் சொன்னால் போதும்.

சென்ற ஆண்டு ஒரு ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பாயான் பாருவில் கெல்வினின் மகள் எவ்லினுக்குப் புதுநன்மை. முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகும் எட்டு வயதுப் பிள்ளை. அவளுடைய கடைசி இரண்டு பிறந்தநாள்களிலும் கெல்வின் சபா எல்லைக் காவலில் இருந்தான். “இதுக்காச்சும் வருவீங்களாப்பா?” என்று அவள் கேட்டிருந்தாள். வருகிறேன் என்று சத்தியம் செய்து, வெள்ளைச் சட்டை வாங்கி, அதைத் தன் அலமாரியில் தொங்கவிட்டிருந்தான்.

வெள்ளி மாலை ஐந்து மணி அணிவகுப்பில் பெயர் கூப்பிட்டு முடிந்தால் கையில் பாஸ், அப்புறம் வீடு. அன்று இம்ரான் மட்டும் வந்து சேரவில்லை. பட்டர்வொர்த் போய்த் திரும்பியவனுக்குப் பினாங்குப் பாலத்தின் நடுவே மோட்டார் சைக்கிள் டயர் வெடித்துவிட்டது. நீங்கள் அவன் பெயரைக் கூப்பிட்டீர்கள். ஒருவன் இல்லையென்றால் எவனும் வெளியே போக முடியாது என்பது கெல்வினுக்குத் தெரியும். பின்வரிசையில் நின்றபடி, குரலை மாற்றி, வந்திருக்கிறேன் என்று பொருள்பட “ஹாடிர்!” என்று கத்திவிட்டான்.

துவான், முப்பது குரலும் உங்களுக்கு மனப்பாடம் என்பதை அந்த மடையன் மறந்துபோனான்! “இம்ரான், கையைத் தூக்கு” என்றீர்கள். ஒரு கையும் எழவில்லை. “அவனுக்காகச் சொன்னது யாரு?” என்றீர்கள். அத்தனை பேருக்கும் தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அரை மணி நேரத்தில் எல்லாருடைய பாஸ்களும் ரத்தாயின. இம்ரான் வந்து சேர்ந்ததும் காவலறைக்குப் போனான்.

கெல்வின் உங்கள் அறைக்கு வந்து விறைப்பாக நின்றான். “துவான், நான்தான் சொன்னேன். என்னை மட்டும் அடைச்சு வைங்க, மத்தவங்கள விட்டுருங்க.” மகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் இரக்கம் கேட்பது போல் ஆகிவிடும் என்று நினைத்தான். “ஆர்டர் போயாச்சு. போ” என்றீர்கள். வெளியே வந்து மனைவி கேத்தரினுக்குப் போன் செய்தான். அவள் திட்டவில்லை, “பிள்ளைகிட்ட நீங்களே சொல்லிருங்க” என்றாள். அவனால் சொல்ல முடியவில்லை.

இனி வருவது எங்கள் வெட்கம். கண்ணாடிச் சட்டம் போட்டுத் தரப்போகும் இந்த மடலில் உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கிறோம், உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கினாலும் தொங்கட்டும். சனிக்கிழமை காலை பசியாறும்போது கெல்வின் தட்டோடு வந்து உட்கார்ந்தான். கோகுலன், ஆறு வருடமாகப் பக்கத்துக் கட்டில் கூட்டாளி, தன் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த மேசைக்குப் போனான். அவன் பின்னாலேயே மற்றவர்களும் போனோம். இருபத்தெட்டு முதுகுகளைப் பார்த்துக்கொண்டு கெல்வின் ரொட்டியை மென்றான். வாசலில் நீங்கள் நின்றதை நாங்கள் கவனிக்கவே இல்லை.

அதற்குப் பின் நடந்ததை அலுவலக எழுத்தர் சலேஹா சொல்லித்தான் அறிந்தோம். ரத்தான பாஸ்களை அவர் அடுக்கிக்கொண்டிருந்தபோது ஒன்றை மட்டும் உங்கள் மேசைமேல் வைத்தார். காரணம் என்ற இடத்தில் கெல்வின், ‘மகளின் புதுநன்மை, ஞாயிறு காலை 9’ என்று எழுதியிருந்தான். நீங்கள் அதை வெகுநேரம் பார்த்துவிட்டு மேஜர் அப்துல் அஜீஸ் அறைக்குள் போனீர்கள். உத்தரவை மாற்றினால் காரணம் எழுத வேண்டும், உங்கள் பதவி உயர்வுப் பட்டியல் அடுத்த மாதம் வருகிறது, யோசித்துக்கொள்ளுங்கள் என்றாராம் மேஜர். பரிந்துரைத்தவரின் தவறு என்றே எழுதுங்கள் என்றீர்களாம்.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு எங்களை வரிசையில் நிறுத்தினீர்கள். முதலில் மலாயில் உத்தரவைப் படித்தீர்கள், பிறகு தமிழில் பேசினீர்கள். “முப்பது பேரையும் ஒண்ணாக்கணும்னுதான் இத்தனை வருசமா இப்படிச் செஞ்சேன். நேத்து பாத்தேன். இருபத்தெட்டுப் பேரு ஒரு பக்கம், ஒருத்தன் ஒரு பக்கம். பண்ணது நான்தான். மன்னிச்சிருங்க.” அத்தனை பேர் முன்னால் ஒரு சார்ஜன் மேஜர் மன்னிப்புக் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. எங்கே பார்ப்பது என்றே தெரியவில்லை.

“தப்பு ரெண்டு பேரோடது. மத்தவங்க எல்லாம் வீட்டுக்குப் போகலாம். கெல்வினுக்கும் இம்ரானுக்கும் ரெண்டு வாரம் முகாம் அடைப்பு. மேஜர் நேரம் குறிச்சுக் கொடுத்திருக்காரு, இன்னிக்கு மத்தியானம் ரெண்டு மணிக்கு ஆரம்பம்.” சொல்லிவிட்டுக் கெல்வினைப் பார்த்து உறுமினீர்கள்: “இன்னும் ஏண்டா நிக்கிற? ஓடுலா!”

அவனைக் கோகுலன்தான் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனான். மாதா கோயில் வாசலில், வெள்ளைச் சட்டையின் பித்தானைத் தப்பாகப் போட்டிருந்த கெல்வினுக்குக் கோகுலன் அதைச் சரிசெய்துவிட்டான். வரிசையில் நடந்துவந்த எவ்லின் அப்பாவைக் கண்டதும் கைகூப்ப மறந்து சிரித்தாள். ஒன்று நாற்பதுக்குக் கெல்வின் முகாம் வாசலில் நின்றான். நீங்கள் கையில் பதிவேட்டோடு காத்திருந்தீர்கள். அவன் முகத்தைப் பார்த்தீர்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

அடுத்த மாதப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லை. அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் சொன்னதில்லை, ஆனால் நாங்கள் ஒரு நாளும் மறந்ததில்லை. அன்றிலிருந்து தப்பு செய்தவனே தண்டனை வாங்குகிறான், எங்கள் வெள்ளிக்கிழமைகள் எங்கள் கைக்கு வந்துவிட்டன. எல்லாரும் ஒரே மேசையில் பசியாறுகிறோம்.

பெருந்தகையே! நாளை முதல் உங்கள் நேரத்துக்கு எந்தக் கமாண்டரும் கையெழுத்திட வேண்டியதில்லை. சாந்தினி அக்கா இடுவார், அவரிடம் மேல்முறையீடு கிடையாது. நோய் அண்டாமல், நொடி தவறாத நடை தளராமல், நூறாண்டு கடந்தும் எங்களை அதட்டிக்கொண்டு வாழுங்கள்.

ஒரே ஒரு விண்ணப்பம். நாளைக் காலை அணிவகுப்பில் உங்கள் பெயரையும் ஒருமுறை கூப்பிடச் சொல்லி மேஜரிடம் அனுமதி வாங்கிவிட்டோம். நீங்கள் அங்கே இருக்க மாட்டீர்கள். உங்களுக்காக முதலில் கெல்வின், அவனோடு சேர்ந்து முப்பது பேரும், குரலை மாற்றாமல் “ஹாடிர்!” என்போம். அந்த ஒரு குற்றத்துக்கு எங்கள் அத்தனை பேரையும் சேர்த்தே தண்டியுங்கள், துவான்.

என்றும் உங்கள் கட்டளைக்குக் காத்திருக்கும்,
மூன்றாம் பிளாட்டூன் வீரர்களும் குடும்பத்தினரும்,
பினாங்கு.