ஜன்னல் தூசியும் பூட்டிய கட்டுரையும்

"நான் எழுதினத நானே படிக்க முடியல ஆன்ட்டி."

பெங்களூர் போகும் காலை ரயிலில், தங்கச் சுரங்க ஊரான ஊரிகத்தில் ஏறி என் எதிரே உட்கார்ந்த இளம்பெண் செல்போனைக் காட்டிச் சொன்னாள். அவள் பக்கத்தில் இருந்த அதே ஊர் அம்மாள் சிரித்தார்.

"இன்னாம்மா, அவ்ளோ புரியாமயா எழுதின?"

"அந்த சுரங்கக் கழிவு, சயனைடு மேட்டுத் தூசி ஆராய்ச்சிதான். வெளிநாட்டுப் பத்திரிகையில வந்துருச்சு. காசு கட்டினாத்தான் திறக்குமாம். என் பிரதி காலேஜு கம்ப்யூட்டர்ல இருந்துச்சு. வேலை முடிஞ்சதும் பாஸ்வேர்டை எடுத்துட்டாங்க."

"ஆறு மாசம் எங்க வூட்டு ஜன்னல்ல தட்டு வச்சு தூசி புடிச்சுக் குடுத்தனே, எனக்குமா திறக்காது?"

"யாருக்கும் திறக்காது. எல்லாரும் சும்மா படிக்கணும்னா எழுதினவங்க லட்சக்கணக்குல கட்டணுமாம். நான் எங்க போறது? உரிமைய எழுதிக் குடுத்துட்டேன். போதாததுக்கு, அடுத்தவங்க கட்டுரையில சரி தப்பு பாத்து அந்தப் பத்திரிகைக்கே ஓசியில அனுப்பறேன். இப்பக்கூட பையில ஒண்ணு இருக்கு."

அம்மாள் தலையாட்டினார்.

"எங்கப்பா சுரங்கத்துல ஷிஃப்ட் முடிஞ்சு மேல வந்தா, கேட்ல நிக்க வச்சு சட்டைய உதறிப் பாத்துதான் வுடுவாங்க. அவரு தோண்டின தங்கம் குந்துமணி கூட வெளிய போவக் கூடாதுன்னு."

"உங்கப்பா தேவல ஆன்ட்டி. திட்டிக்கிட்டாவது வூட்டுக்கு வந்திருப்பாரு. நான் அந்தப் பத்திரிகைக்கு ரொம்ப நன்றின்னு மெயில் போட்டேன்."

சொல்லிவிட்டு, பையிலிருந்த கட்டுரையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சிவப்புப் பேனாவைத் திறந்தாள்.