அடகு வைத்த அண்ணன் மகன்

செம்பனை எண்ணெயில் வெந்த வள்ளிக்கிழங்கை ஆறவிட்டுத் தின்பவர்களை எனக்குப் பிடிக்காது. அன்றும் சூடாகத்தான் சாப்பிட்டேன். கப்பல் கிளம்பியபோது நான் எங்கே இருந்தேன் என்றுதானே எக்பே சபைப் பெரியவர்கள் கேட்கிறீர்கள்? சதுப்புக்காட்டு ஓடைக்குள் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

கலபார் ஆற்று வியாபாரத்தை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் துணியும் இரும்பும் சாராயமும் முன்கூட்டியே தருவான். நாம் சொந்தத்தில் ஒருவனைக் கப்பலில் அடகு வைத்துவிட்டு, மேலாற்றுச் சந்தையில் அடிமைகளை வாங்கி வருவோம். சொன்ன அமாவாசைக்குள் வராவிட்டால் அடகும் சரக்கோடு சரக்காகப் போய்விடும்.

நான் வைத்தது அண்ணன் மகன் அசிபோங்கை. அண்ணன் இறந்ததும் வீட்டுத் தலைமை அவனுக்குத்தான் என்று எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். துடுப்பு போடுகிறவனிடம்கூட நலம் விசாரிக்கிற பயல். சங்கிலியில் வரும் அடிமைகளைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். அவர்களை விற்று வந்த சாப்பாட்டின் முன்னால் மட்டும் முகம் திரும்பாது.

கேப்டன் ஹார்வுட் எந்நேரமும் வியர்த்து வழிகிற ஆள். பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வான், அதற்குமேல் மனிதர்களைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"இவனுக்காகத் திரும்பி வருவியா?" என்று என்னைக் கேட்டான்.

அசிபோங் சிரித்தான். "சித்தப்பா வந்துருவாரு. என்னை விட்டா அவருக்கு யாரு இருக்கா?"

என் கண் கலங்கியது. அதைப் பார்த்துத்தான் கேப்டன் சம்மதித்தான்.

அமாவாசைக்கு முன்பே அடிமைகளோடு திரும்பிவிட்டேன். படகுகளை ஓடைக்குள் மறைத்துக் கட்டச் சொன்னேன். துடுப்புக்காரன் நசா மட்டும் வாயைத் திறந்தான்.

"ஐயா, சின்னவரு அங்க காத்துக்கிட்டிருப்பாரே."

சாப்பிட்டு முடிக்கிறேன் என்றேன். கப்பல் விடைபெறும் பீரங்கிச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகுதான் கை கழுவினேன். படகில் இருந்தவர்களை அடுத்த கப்பலுக்கு விற்றேன், நசாவையும் சேர்த்து.

இப்போது என்னை விசாரிக்க வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் இடுப்பில் இருக்கும் நீலத்துணி அந்தக் கப்பலில் வந்ததுதான். அசிபோங்குக்கு ஈடாக வந்த துணி. நான் பங்கு பிரித்துக் கொடுத்தபோது ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆம், வேண்டுமென்றேதான் அவனைப் போக விட்டேன். ஆனால் எனக்கு அவன்மேல் பாசமே இல்லை என்று அண்ணி ஊரெல்லாம் சொல்லி அழுகிறாளே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. நான் பாசம் வைக்காத பிள்ளையை எந்தக் கப்பல்காரன் அடகு பிடிப்பான்?