ஹார்ன் அடிக்காத பிக்கப்

அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது, செயலாளர் சார். ஜன்னல் தெருப்பக்கம் இருக்கிறது, கண் முகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். உட்காருங்கள். அந்த நாற்காலி ஆடும், இதில் உட்காருங்கள். தெருச் சங்கத்தின் சார்பில் காலையிலிருந்து மூன்று வீட்டில் விசாரித்துவிட்டு, கடைசியில் என்னிடம் வந்திருக்கிறீர்கள். முதலிலேயே இங்கே வந்திருந்தால் அந்த அலைச்சல் மிச்சம்.

ஆமாம், நான்தான் செய்தேன். காணாமல் போன கறுப்புப் பெட்டி எங்கே என்றும் கேட்டீர்கள். அதற்கும் வருகிறேன்.

எதிர்வீட்டுக்காரரின் பிக்கப் இருபத்தாறு வயது வண்டி. பானட்டின் கொக்கி எப்போதோ போய்விட்டது, நைலான் கயிற்றால் கட்டியிருப்பார். அவர் வாசலில் வெயில் என்று என் மதில் நிழலில்தான் நிறுத்துவார். விசேஷ வீடுகளுக்கு நாற்காலி வாடகைக்கு விடுகிற தொழில். காலை எட்டு மணிக்கு நாற்காலியை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் வண்டி தானாகவே மக்கர் பண்ணியது. அதில் என் பங்கு எதுவும் இல்லை, எழுதிக்கொள்ளுங்கள். ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை. கேஜ் தம்பி வந்தான். தெருமுனை மெக்கானிக்தான். பெட்ரோல் அழுத்தம் பார்க்கிற கேஜை டாக்டர் மாதிரி கழுத்தில் மாட்டிக்கொண்டே திரிவதால் அந்தப் பெயர்.

“அக்கா, கேளுங்க,” என்றான். “சாவி போட்டதும் டேங்க் பக்கம் ரெண்டு செகண்டு பம்பு முனகணும். முனகினாத்தான் பெட்ரோல் அழுத்தமா இன்ஜினுக்குப் போகும். இது வாயே திறக்கலை.”

பிறகு ஒரு மூடியைத் திறந்து, தீப்பெட்டியில் பாதி அளவு கறுப்புப் பெட்டி ஒன்றைப் பிடுங்கினான். ரிலே என்று பெயராம். பம்புக்கு ஒன்று, ஹார்னுக்கு ஒன்று, இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி அச்சு அசலாக இருந்தன. பம்பு ரிலேதான் செத்திருந்தது. இடம் மாற்றிப் போட்டதும் வண்டி கிளம்பிவிட்டது.

“செத்தது ஹார்ன் இடத்துல இருக்கட்டும் மாமா. நாளைக்குப் புதுசு வாங்கிட்டு வரேன். அதுவரைக்கும் ஹார்ன் அடிக்காது.”

“நான் என்னைக்குப்பா ஹார்ன் அடிச்சேன்?” என்றார் எதிர்வீட்டுக்காரர்.

உண்மை. நாய் குறுக்கே படுத்திருந்தால்கூடத் தலையை வெளியே நீட்டி, “கொஞ்சம் வழி விடுங்க” என்பார். ஹார்ன் இல்லாத குறை அவருக்குத் தெரியவே இல்லை. கேஜ் தம்பிக்குப் புது ரிலே வாங்குகிற ஞாபகமும் வரவில்லை. நான் ஞாபகப்படுத்தியிருக்கலாம். ஆனால் சொன்னேனே, அடுத்தவர் விஷயம்.

அன்று நடந்த இன்னொன்றைத்தான் யாரும் கவனிக்கவில்லை. தம்பி வருகிறவரை வேடிக்கை பார்க்கப் பதினோரு பேர் கூடினார்கள். வண்டியிலிருந்த நாற்காலிகளை இறக்கி என் வாசலில் போட்டு உட்கார்ந்தார்கள். யாருடைய மருமகள் பெட்டியோடு கிளம்பினாள், யார் பல் கட்டிக்கொண்டு சொந்தப் பல் என்று சொல்லித் திரிகிறார் எல்லாம் ஒரே காலையில் தெரிந்தது. தண்ணீர் கேட்டு உள்ளே வந்தார்கள். என் வீட்டு கேட் இரண்டு வருஷத்தில் அன்றுதான் கிறீச்சிட்டது. என் வீட்டுக்காரர் போன பிறகு அதைத் திறக்க ஆளில்லை.

மறுநாள் வண்டி ஒழுங்காகக் கிளம்பியது. யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே. நான்காம் நாள் காலை செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது கயிற்றை அவிழ்த்து, இரண்டு ரிலேயையும் இடம் மாற்றிப் போட்டேன். ஒரு நிமிஷ வேலை. திரும்ப நான் கட்டிய முடிச்சு அவர் போடுவதைவிட உறுதியாக இருந்தது.

எல்லாரும் கூடிப் பேசி முடித்ததும், தம்பியைக் கூப்பிட ஆள் போகிற நேரத்தில், “வண்டியை நான் பார்த்துக்கறேன்” என்பேன். ரிலேக்களைப் பழைய இடத்துக்கே மாற்றிப் பார்த்துக்கொண்டேன். அவன் வந்து கேஜை மாட்டும்போது அழுத்தம் கச்சிதமாக இருக்கும், வண்டி முதல் திருப்பிலேயே பிடிக்கும். வாரம் இரண்டு தடவை போதும் என்று வைத்துக்கொண்டேன். பேராசை கூடாது.

அவன் ஃபில்டரை மாற்றினான். டேங்கை மூன்று தடவை இறக்கி, நல்ல பம்பை எடுத்துவிட்டு வேறு நல்ல பம்பைப் போட்டான். கேஜ் பொய் சொல்கிறதோ என்று இன்னொரு கேஜ் வாங்கி, இரண்டையும் கழுத்தில் மாட்டிக்கொண்டான். வண்டியைத் தள்ளித் தள்ளி எதிர்வீட்டுக்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு பணி ஓய்வுப் பாராட்டு விழாவில், ஓய்வு பெற்றவர் கடைசிவரை நின்றுகொண்டே ஓய்வு பெற்றாராம். கேள்விப்பட்டு வருத்தப்பட்டேன். அன்று என் வாசலில் எல்லாருக்கும் உட்கார இடம் இருந்தது.

போன வாரம் தம்பி இதே அறையில் உட்கார்ந்து, “அக்கா, என் காதும் போச்சு, கையும் போச்சு. இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள கண்டுபிடிக்கலைன்னா கடையை வித்துட்டு மாமனாரோட திரைச்சீலைக் கடைக்குப் போயிடறேன்,” என்றான். கண் கலங்கியிருந்தது. என் கையெழுத்து அழகு என்பதால் ‘கடை விற்பனைக்கு’ என்று ஒரு பலகை எழுதித் தரச் சொன்னான்.

அப்போது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். பிறகு பலகையைச் சுற்றிப் பூக்கொடி பார்டர் போட்டுக் கொடுத்தேன். உள்ளேயிருந்து பார்த்தால் தெரு தெரியும், தெருவிலிருந்து பார்த்தால் நான் தெரியாத மாதிரித் திரைச்சீலை உண்டா என்றும் கேட்டுவைத்தேன்.

ஞாயிறு காலை வண்டி கிளம்பவில்லை. எதிர்வீட்டுக்காரி கோபத்தில் பையை ஸ்டியரிங் மேல் வீசினாள். ஹார்ன் அலறியது.

“பாத்தீங்களா கூத்தை?” என்றாள். “ஓடற நாள்ல இது ஊமை. கிளம்பாத நாள்லதான் கத்துது. ஒண்ணு பேசினா இன்னொண்ணு பேசாது, எங்க நாத்தனாருங்க மாதிரி.”

கேஜ் தம்பி அன்று கடைசித் தடவையாகப் பார்த்துவிடலாம் என்று அழைக்காமலே வந்திருந்தான். அவள் சொன்னதும் மெல்லத் தலையில் கை வைத்தான். “நான் வாங்காத ரிலே,” என்றான். பிறகு பானட் பக்கம் திரும்பினான். கயிறு என் கையில் இருந்தது.

புது ரிலே போட்டாயிற்று, வண்டி ஓடுகிறது, கழற்றி வைத்த செத்த ரிலேயை மட்டும் காணோம். தம்பி பலகையைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் ‘கடை திறந்திருக்கிறது’ என்று எழுதியிருக்கிறான். எழுத்து கோணல்மாணல், என்னிடம் கேட்டிருக்கலாம். மூன்று நாளாக இந்தப் பக்கம் யாரும் வரவில்லை. தெருவை எட்டு மாதம் ஒற்றுமையாக வைத்திருந்ததற்கு எனக்கு நன்றி எதுவும் வேண்டாம்.

அந்தக் கறுப்புப் பெட்டிதானே? நீங்கள் மற்ற வீடுகளில் விசாரித்துக்கொண்டிருந்தபோது, உங்கள் கார் என் மதில் ஓரம் நின்றிருந்தது. அதுவும் பழைய வண்டி, பானட் சரியாக மூடவில்லை. உங்களிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். போய் ஹார்ன் அடித்துப் பாருங்கள் சார். அடித்தால், உள்ளே வந்து உட்காருங்கள். டீ போடுகிறேன்.