தூங்கறதை ஏத்து

— டேங்க் ரூம் கதவைச் சாத்து தம்பி, குளிரெல்லாம் வெளிய போகுது.

— மெதுவா அண்ணி... மெதுவாப் பேசுங்க. தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

— நேத்து மேட்ச்ல அவ்வளவு ஊத்திக்கிட்டியா?

— நாடு முழுக்க நம்ம லாகர் பீரை விக்கிற மேனேஜர் நான். நானே குடிக்கலைன்னா வேற எவன் குடிப்பான்? நாற்காலி மேல ஏறி ஆடியிருக்கேன், பார்த்தீங்கல்ல?

— பார்த்தேன், பார்த்தேன். உங்க அண்ணன் குனிஞ்ச தலையை இன்னும் நிமிர்த்தலை.

— அவர் கிடக்கறார். அண்ணி... இன்னிக்கு மூணாம் டேங்க் பக்கம் போனீங்களா?

— ஏன்?

— சும்மா... சும்மாத்தான் கேட்டேன். அடுத்து எனக்கு மீட்டிங். முதலாளி பெரியவர் முன்னாடி இதைப் படிக்கணும். நீங்க காது குடுங்க, போதும். "லாகர் சந்தை, இன்றைய நிலையும் அபாயங்களும்..."

— காலங்கார்த்தால நல்ல வார்த்தையா வருது வாயில. படி, படி. டேங்க் குளிர் அளவைப் பார்த்துக்கிட்டே கேக்கறேன்.

— "வரி ஏறிவிட்டது. பார்லி விலை எகிறிவிட்டது. கோடை முழுக்க மழை..."

— மழைக்கு நீ என்ன பண்ணுவே, குடை பிடிப்பியா?

— குறுக்க பேசாதீங்க! "திடீரென்று வெயில் அடித்ததில் கையிருப்பு காலி. அந்த நேரம் பார்த்து வெளிநாட்டு பீர் உள்ளே நுழைகிறது..."

— அது நிஜம். மைதானத்து கேண்டீன்காரர்கூட மாறப் போறார்னு சொன்னியே?

— மாறறதா? அவர் இப்ப என் கைக்குள்ள. காலைலயே போன். "சார், நேத்து வந்த சரக்கு பிரமாதம், இன்னும் ரெண்டு லாரி அனுப்புங்க"ன்னு கெஞ்சறார் மனுஷன்.

— அடேங்கப்பா. அப்புறம்? அடுத்த பக்கம் என்ன?

— அடுத்தது... "இளைஞர்கள் குடிப்பதைக் குறைத்துவிட்டார்கள். வண்டி ஓட்டுகிறவர்கள் தொடுவதே இல்லை."

— சரியாத்தான் எழுதியிருக்கே. அதுக்கு என்ன வழி சொல்லப் போறே?

— வழின்னா... கோவிச்சுக்கக் கூடாது.

— சொல்லுடா.

— "போதை இல்லாத லாகரை நிறுத்திவிடலாம். விலை போகாது."

— மூணு வருஷம்டா. எத்தனை தடவை காய்ச்சி, எத்தனை தடவை சாக்கடைல கொட்டியிருப்பேன். ஒரு நாளாவது கடைக்கு எடுத்துக்கிட்டுப் போனியா நீ? இன்னிக்கு நிறுத்தினா அது இருக்கற அந்த ஓரத்து டேங்க்கைக் கழட்டிடுவாங்க. அப்புறம் எனக்கு இங்க என்ன வேலை?

— தனிப்பட்ட கோபமெல்லாம் இல்ல அண்ணி. பீர்னா கொஞ்சம் தூக்கணும். இது குடிச்சா கொட்டாவிதான் வருது.

— அதுக்குத்தானே தூங்குமூஞ்சின்னு பேர் வச்சே. இப்ப தொழிற்சாலை பூரா அந்தப் பேர்தான். சாவி வாங்க வர்றவன்கூட "தூங்குமூஞ்சி டேங்க் சாவி"ங்கறான்.

— பொருத்தமான பேர்தானே! ஹஹ்... ஆ, சிரிச்சா தலை வலிக்குது.

— சரி, எனக்கு ஒரு சந்தேகம். கையிருப்பு காலின்னு இப்பத்தான் படிச்சே. அப்புறம் நேத்து மைதானத்துக்கு எதை அனுப்பினே?

— அது வந்து... எங்கயோ ஓரமா கொஞ்சம் இருந்தது.

— தம்பி.

— இருந்தது அண்ணி, சத்தியமா.

— என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

— ...மூணாம் டேங்க்.

— அது இன்னும் தூங்குதுடா! லாகர் குளிர்ல தூங்கி எந்திரிச்சாத்தானே லாகர்? அவசரப்பட்டு எடுத்தா வெண்ணெய் நாத்தம் அடிக்கும்னு உனக்குத் தெரியாது?

— தெரியும், தெரியும்! வேற என்ன பண்றது? சரக்கு இல்லைன்னா அந்த ஆர்டர் வெளிநாட்டுக்காரனுக்குப் போயிருக்கும். ஆனா பாருங்க, ஒரு நாத்தமும் இல்ல. அவ்வளவு சுத்தமா இருந்தது! நீங்கதான் தேவையில்லாம தூங்க வைக்கறீங்க.

— லோடு ஏத்தறவர்கிட்ட என்னன்னு சொன்னே?

— உங்க காதுல விழுந்துடக் கூடாதேன்னு போன்ல குசுகுசுன்னுதான் சொன்னேன். "தூங்கறதை ஏத்துங்க"ன்னேன். "எதை சார்?"னார். "அதான்யா, தூங்கறதை"ன்னேன். ஒரே சிரிப்பு அவருக்கு. ஏன்னு புரியலை.

— இங்க வா.

— எதுக்கு?

— மூணாம் டேங்க்ல இந்தக் கண்ணாடிக் குழாயைப் பாரு. அளவு எங்க நிக்குது?

— உச்சில... நிறைஞ்சிருக்கு. அது எப்படி அண்ணி?

— இப்ப ஓரத்து டேங்க்கைத் தட்டிப் பாரு.

— டங்குங்குது... காலி. அய்யய்யோ.

— தூங்கறதைன்னா அவருக்கு எது? நீ வச்ச பேர்தானே ஞாபகம் வரும்?

— அப்போ நேத்து மைதானம் முழுக்க குடிச்சது...

— தூங்குமூஞ்சி. பீப்பா இறங்கினதும் கேண்டீன்காரர் ருசி பார்த்துட்டு எனக்குத்தான் போன் போட்டார். மைதானத்துக்குப் போய்ப் பார்த்தேன், எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "இருக்கறதை உள்ளபடி எழுதி வித்துப் பாருங்க"ன்னு சொன்னேன். கவுண்டர்ல இவ்வளவு பெரிய பலகை. வண்டில வந்தவன், குழந்தையோட வந்தவன், எல்லாரும் வரிசை கட்டி நின்னாங்க. அந்த ரெண்டு லாரி அதுக்குத்தான்.

— நான் ஏழு கிளாஸ் குடிச்சேனே அண்ணி! தலை சுத்திச்சே!

— வெயில்ல கத்தினா சுத்தாம என்ன பண்ணும்?

— ஆடினேனே!

— அது உன் சொந்த ஆட்டம்.

— அடக் கடவுளே... அண்ணி, போதைன்னு நினைச்சு வீட்டுக்குப் போய் பொண்டாட்டிகிட்ட வாயைக் குடுத்துட்டேன்.

— என்ன சொன்னே?

— அவ ஆசை ஆசையா வாங்கின மஞ்சள் சோபா இருக்கே...

— சொல்லித் தொலை.

— யானைக்குக் காமாலை வந்த மாதிரி இருக்குன்னேன். பொழுதுக்கும் அது முகத்துல முழிக்க முடியலைன்னேன். வாங்கினவங்க கண்ணை டாக்டர்கிட்ட காட்டணும்னேன். அதுமேலயே விழுந்து தூங்கிட்டேன்.

— அடப்பாவி. அவ என்ன சொன்னா?

— காலைல சிரிச்ச முகமா காபி குடுத்தா. குடிவெறில உளறியிருக்கேன்னு மன்னிச்சுட்டா போல. நல்லவ அண்ணி அவ. நேத்துகூட மைதானத்துல நான் உட்கார்ந்த இடத்துக்கே ஏறி இறங்கி ஒவ்வொரு கிளாஸா கொண்டுவந்து குடுத்தா.

— ம்.

— காலைத் தொட்டுக் கும்பிடறேன், போதை இல்லைன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாதீங்க. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுப் போட்டுடறேன். தூங்குமூஞ்சியை நாடு முழுக்க விக்கலாம்னு பெரியவர்கிட்ட நானே சொல்றேன்.

— நிஜமாவா?

— சத்தியமா. ரெண்டு லாரி ஆர்டரைவிட என்ன அத்தாட்சி வேணும்? நீங்க வாயைத் திறக்காம இருந்தாப் போதும்.

— நான் எதுக்குடா திறக்கணும்? கவுண்டர்ல "இதில் போதை இல்லை"ன்னு அந்தப் பலகையை எழுதி மாட்டினதே உன் பொண்டாட்டிதான்.